மனநல மருந்தும் எலும்பும்: கல்முனைக் கரையில் கேட்கப்படாத ஒரு கேள்வி

2004 டிசம்பர் 26இல் வந்த கடல் பேரலை, இலங்கையில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டுபோன மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரே காலையில் போனார்கள். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடலை அண்டிய ஊர்களெல்லாம் ஜனாஸாக்களாலும் பிணங்களாலும் நிறைந்தன. அந்த அழிவுக்குப் பிறகுதான் மனநல சேவை இந்தக் கரைக்கு ஓர் ஒழுங்கோடு வந்து சேர்ந்தது. 2005இல் நாட்டின் மனநலக் கொள்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. அங்கொடை மனநல வைத்தியசாலையிலும் அதைச் சுற்றியும் குவிந்து கிடந்த சேவையை மாவட்டங்களுக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளுக்கும் பகிர்ந்து கொடுப்பதே அதன் நோக்கம். கடலின் அடியால் கலங்கியவர்கள் மட்டும் அந்தக் கிளினிக்குகளுக்கு வரவில்லை. பல வருடமாக வீட்டு உள்ளறையில் வைத்து ஓதிப் பார்த்துக்கொண்டிருந்த பழைய நோயாளிகளும் வந்தார்கள். மனச்சிதைவு, இருதுருவ மனநோய், கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களுக்கு மருந்து கிடைத்தது, இலவசமாகக் கிடைத்தது. இந்த நாட்டின் பொதுச் சுகாதாரம் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று என்பதை முதலில் சொல்லிவிட்டே பேச்சைத் தொடங்குகிறேன். இனிச் சொல்லப்போவது எதுவும் அந்த மருந்துக்கு எதிரான பேச்சல்ல.

ஆனால் ஒரு கணக்கை நாம் போட்டுப் பார்க்கவில்லை. 2005இல் முப்பது வயதில் மருந்து தொடங்கிய ஒரு பெண் இருபது வருடம் கழித்து ஐம்பதில் நிற்கிறாள். மாதவிடாய் முற்றாக நின்று, எந்தப் பெண்ணுக்கும் எலும்பு விரைவாகத் தேயும் காலம் அது. அவள் அந்த வயதை மற்றப் பெண்களைப்போல நிறைந்த எலும்போடு அடையவில்லை. இருபது வருட மருந்தோடு அடைகிறாள். சேவை வந்த காலத்தில் அதற்குள் நுழைந்த ஒரு தலைமுறை முழுவதும் இப்போது ஏறத்தாழ ஒன்றாக அந்த வாசலுக்கு வருகிறது. அவர்களின் கிளினிக் கொப்பியைப் புரட்டினால் தூக்கம், பசி, குரல் கேட்பது, கோபம், சீனி, நிறை எல்லாம் எழுதியிருக்கும். எலும்பைப் பற்றி ஒரு வரியும் இருக்காது. மனநல மருந்து எழுதப்படும் அதே மேசையில் எலும்பும் விசாரிக்கப்பட வேண்டும், அதற்குப் பெரிய இயந்திரம் எதற்காகவும் காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் இன்று என் வாதம்.

மருந்து எலும்பை எப்படித் தொடுகிறது என்பதைக் கொஞ்சம் விரித்துப் பார்க்க வேண்டும். மனச்சிதைவு போன்ற நோய்களுக்குக் கொடுக்கப்படும் மருந்துகள் மூளையில் டோபமைன் என்னும் இரசாயனத்தின் வேலையைத் தடுத்து, இல்லாத குரலையும் பொய்யான அச்சத்தையும் அடக்குகின்றன. அதே டோபமைன்தான் பிட்யூட்டரிச் சுரப்பி புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்காமல் பிடித்து வைத்திருக்கிறது. தாய்ப்பால் சுரக்கச் செய்யும் ஹோர்மோன்தான் புரோலாக்டின். டோபமைன் தடுக்கப்படும்போது பிடி விடுகிறது, புரோலாக்டின் ஏறுகிறது. அது ஏறினால் சூலகத்துக்கும் விதைக்கும் போகும் கட்டளை தளர்கிறது. பெண்ணில் ஈஸ்ட்ரோஜனும் ஆணில் டெஸ்டோஸ்டிரோனும் குறைகின்றன. எலும்பு நாளும் பொழுதும் உடைபட்டுத் திரும்பக் கட்டப்படும் பொருள்; உடைப்பை அடக்கி வைப்பவை இந்த ஹோர்மோன்கள். அவை குறைந்தால் உடைப்பு கட்டுமானத்தை முந்திவிடுகிறது. புரோலாக்டின் கூடிய பெண்களின் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பது 1980இலேயே அமெரிக்க மருத்துவ இதழொன்றில் எழுதப்பட்டாயிற்று. எல்லா மருந்தும் இதில் ஒன்றல்ல. ரிஸ்பெரிடோன், அமிசுல்பிரைட், சல்பிரைட், ஹலோபெரிடோல், மாதத்துக்கு ஒருமுறையோ அதற்கு முன்னரோ போடப்படும் புளுபெனசின் ஊசி ஆகியவை புரோலாக்டினை நன்றாக ஏற்றுபவை. ஒலன்சபின் கொஞ்சமாக ஏற்றும். குவெட்டியாபினும் கிளோசபினும் அநேகமாக ஏற்றுவதில்லை. அரிபிபிரசோல் ஏறியதை இறக்கவும் கூடியது. இந்த வேறுபாடு பின்னால் நமக்கு வேண்டிவரும்.

மற்ற மருந்துகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனச்சோர்வுக்குக் கொடுக்கப்படும் புளுஒக்செட்டின், செர்ட்ராலின் வகை மருந்துகள் செரட்டோனினைத் தொடுகின்றன. எலும்பைக் கட்டும் உயிரணுக்களிலும் செரட்டோனினை ஏற்கும் அமைப்பு உண்டு. கனடாவில் 50 வயதுக்கு மேற்பட்ட 5008 பேரைப் பின்தொடர்ந்து 2007இல் வெளியிடப்பட்ட ஆய்வில், இவ்வகை மருந்தைத் தினமும் எடுப்பவர்களுக்கு, சின்ன விழுகையிலேயே எலும்பு முறியும் அபாயம் ஏறத்தாழ இருமடங்காக இருந்தது. வலிப்புக்கும் மனநிலைக் கொந்தளிப்புக்கும் கொடுக்கப்படும் கார்பமசபின், பெனிட்டோயின், பினோபார்பிட்டோன் ஆகியவை ஈரலைத் தூண்டி, எலும்புக்கு வேண்டிய விற்றமின் டியை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன. வலிப்பு நோயாளிகளும் பல இடங்களில் மனநலக் கிளினிக்குக்கே வருகிறவர்கள் என்பதால் இதுவும் நம் மேசைக்குரியதுதான். நல்ல செய்தியும் ஒன்று உண்டு. டென்மார்க்கில் இருதுருவ மனநோய் உள்ள 22,000க்கும் மேற்பட்டோரை வைத்து 2022இல் வெளியான ஆய்வில், லித்தியம் எடுப்பவர்களுக்கு எலும்புத் தேய்வு நோய் குறைவாகவே காணப்பட்டது. ஆகவே மனநல மருந்து என்று மொத்தமாகப் பேசுவது தவறு. எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை வருடம், எந்த வயதில் என்று பிரித்துத்தான் பேச வேண்டும்.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் நியாயமானது. எலும்பு தேய்வது மருந்தாலா, நோயாலா? மனச்சிதைவு உள்ளவர் வெளியே நடமாடுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை, ஆண்களில் பலர் விடாமல் புகைக்கிறார்கள். இவை போதாதா எலும்பைக் கெடுக்க என்று கேட்கலாம். உண்மை, இவையும் கெடுக்கின்றன. மருந்தே தொடங்காத புதிய நோயாளிகளிலும் எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் இங்கிலாந்தின் குடும்ப வைத்தியர் பதிவேடுகளில் இருந்து இடுப்பெலும்பு முறிந்த 16,341 பேரை எடுத்து ஆராய்ந்து 2007இல் வெளியிட்டவர்கள், புரோலாக்டினை ஏற்றும் மருந்துகளுக்கு நோயிலிருந்து பிரித்துக் காட்டக்கூடிய தனித் தொடர்பு இருப்பதைக் கண்டார்கள். அந்த மருந்துகளோடு இருந்த தொடர்பு, மனச்சிதைவோடு இருந்த தொடர்பைவிட வலுவாக இருந்தது. அதற்கு மூன்று வருடம் முன்பு பிரிட்டிஷ் உளமருத்துவ இதழில் வந்த ஒரு சிறு ஆய்வு எனக்கு அதைவிட முக்கியமாகப் படுகிறது. பத்து வருடத்துக்கு மேல் இத்தகைய மருந்து எடுத்த 55 பேரைச் சோதித்தபோது ஆண்கள் 30 பேரில் 17 பேருக்கும், பெண்கள் 25 பேரில் 8 பேருக்கும் எலும்பு அடர்த்தி குறைந்திருந்தது; மருந்தின் அளவு கூடக் கூட இழப்பும் கூடியது. அளவோடு சேர்ந்து ஏறும் இழப்பை நோயின் தலையில் மட்டும் போட முடியாது. சோம்பல், புகை, உணவு இவற்றை மட்டும் குற்றவாளியாக்கிப் பார்ப்பவர்கள், நோயாளியையே குற்றவாளியாக்கிவிடுகிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

அந்தச் சிறு ஆய்வில் ஆண்களின் நிலைமையே மோசமாக இருந்தது என்பதில் இன்னும் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். எலும்புத் தேய்வு வயதான பெண்களின் வியாதி என்ற எண்ணம் நம்மிடம் வலுவாக ஊறியிருக்கிறது. மனச்சிதைவு பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் தொடங்குகிறது. மனித எலும்பு தன் முழு அடர்த்தியை எட்டுவதும் ஏறத்தாழ முப்பது வயதுக்குள்தான். கட்டி முடியாத வீட்டின் கட்டுமானத்தை இடையில் நிறுத்தியதுபோல, இருபத்திரண்டு வயது இளைஞனுக்கு அந்த வயதில் ஹோர்மோன் குறைந்தால், அவன் எட்ட வேண்டிய உச்சத்தையே எட்டாமல் போகலாம். பெண்ணுக்கு மாதவிடாய் நின்றால் அது ஓர் அறிகுறியாகவாவது வெளியே தெரியும். ஆணில் தெரிவது ஆசை குறைவு, உறவில் இயலாமை, சிலவேளை மார்பு பருத்தல். இவற்றைக் கல்யாணமான ஆணும் சொல்லமாட்டான், கல்யாணமாகாதவனிடம் யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இரண்டாவது ஆட்சேபம் நம் கரைக்கே உரியது. பூமத்திய ரேகைக்கு ஏழு பாகை வடக்கே, வருடம் முழுவதும் வெயில் கொட்டும் ஊரில் விற்றமின் டி குறைபாடா என்று கேட்பார்கள். இலங்கையில் வாழும் இலங்கையரையும் நோர்வேயில் வாழும் இலங்கையரையும் ஒப்பிட்டு 2008இல் ஓர் ஆய்வு வெளியானது. நோர்வேயில் இருப்பவர்களைவிட இங்கே இருப்பவர்களின் அளவு தெளிவாகக் கூடியிருந்தது. வெயில் வேலை செய்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆனால் இங்கே இருப்பவர்களின் சராசரியும் தாராளமானதல்ல, பலர் விரும்பத்தக்க அளவுக்குக் கீழேயே இருக்கும் சராசரி அது. வெயில் ஊரில் இருப்பது வேறு, தோலில் படுவது வேறு. நோயுற்றவர் பகலின் பெரும்பகுதியைக் கூரைக்குக் கீழே கழிக்கிறார், மருந்தின் தூக்கம் காலையைத் தின்றுவிடுகிறது. இந்த இடத்தில் சிலர் உடனே நம் பெண்களின் உடையைக் கைகாட்டுவதுண்டு. மூடிய உடை தோலில் படும் வெயிலைக் குறைக்கிறது என்பது உடலியல். அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் கிழக்கிலங்கையில் வீடு பெண்ணுக்குரியது. தாய் மகளுக்குக் கொடுக்கும் அந்த வீட்டுக்கு வேலியோ மதிலோ சூழ்ந்த வளவு ஒன்று உண்டு. அந்த வளவில் முழங்கையும் முழங்காலும் வெயில் காண உட்கார்வதற்கு மார்க்கத்தில் தடை எதுவும் இல்லை. அதற்கும் முடியாதவருக்கு விற்றமின் டி மாத்திரை இருக்கிறது. உடையை விவாதப் பொருளாக்கினால் வீண் மனக்கசப்பு வரும், எலும்புக்கு ஒன்றும் வராது. உணவிலும் நாம் ஏழைகளல்ல: சட்டித் தயிர், முள்ளோடு மென்று தின்னும் நெத்தலி, முருங்கை இலை, எள், குரக்கன் எல்லாம் இந்த மாவட்டத்திலேயே உண்டு. ஆனால் நோயுற்ற பிள்ளைக்குத் தயிர் குளிர்ச்சி என்று ஒதுக்கும் வீடுகளில் அது ஒரு நாளும் அவருடைய கோப்பைக்கு வருவதில்லை.

மூன்றாவது ஆட்சேபம் வைத்தியர்களிடமிருந்து வருவது. எலும்பு அடர்த்தி பார்க்கும் இயந்திரம் எட்டாத தூரம், புரோலாக்டின் பரிசோதனை எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, கையில் ஒன்றுமில்லாமல் என்ன செய்வது என்பது. அந்த இயந்திரம் இல்லாமலே முறிவு அபாயத்தைக் கணிக்க ஷெபீல்ட் பல்கலைக்கழகத்தில் 2008இல் ஆக்கிய பிராக்ஸ் என்ற கணிப்பு முறை உலகெங்கும் பயன்படுகிறது. அதன் கேள்விகளில் ஸ்டீரொயிட் மருந்து உண்டு, புகை உண்டு, மது உண்டு. மனநோய் மருந்து இல்லை. அது நாற்பது வயதுக்குக் கீழே கணிப்பதும் இல்லை. ஆகவே நம் நோயாளிகளில் பலரை அந்த முறை காணவே காணாது. ஆனால் நம் பெண்களிடம் அதைவிடப் பழைய, செலவில்லாத ஒரு கணக்கு இருக்கிறது. முஸ்லிம் பெண் தன் மாதவிடாய் நாட்களை எண்ணுகிறவள். தொழுகை விடுவதும் திரும்பத் தொடங்குவதும் அந்த எண்ணிக்கையில் தங்கியிருக்கின்றன. நோன்பு மாதத்தில் விட்ட நாட்களை அவள் பிறகு கழாச் செய்தாக வேண்டும். இரண்டு வருடமாகக் கழா நோன்பே வைக்காத முப்பத்தைந்து வயதுப் பெண் ஒருத்தி, கர்ப்பமும் இல்லை, பாலூட்டவும் இல்லை என்றால், அவளுடைய ஈஸ்ட்ரோஜன் எங்கே நிற்கிறது என்பதை இரத்தப் பரிசோதனைக்கு முன்னரே அவள் நமக்குச் சொல்லிவிட்டாள். முப்பது நோன்பையும் குறைவில்லாமல் பிடித்தேன் என்று அவள் மகிழ்ச்சியோடு சொல்லும் வார்த்தைக்குள் ஒரு மருத்துவச் செய்தி இருக்கிறது. அதைக் கேட்கும் காது மேசைக்கு இந்தப் பக்கம் இருக்க வேண்டும்.

எலும்பு மெலிந்திருப்பதால் மட்டும் முறிவு வராது, விழ வேண்டும். விழுகைக்கும் இதே மருந்துகள் வழி செய்கின்றன. குளோர்புரோமசினும் அமிட்ரிப்டிலினும் எழுந்து நிற்கும்போது இரத்த அழுத்தத்தைச் சடுதியாகக் குறைக்கும். தூக்க மாத்திரைகள் விழிப்பை மந்தமாக்கும். இவை பெரும்பாலும் இரவில் எடுக்கப்படுபவை. சுபஹ் தொழுகைக்கு இருட்டில் எழுந்து, வுழூச் செய்ய ஈரத் தரையில் கால் வைக்கும் நேரம் அந்த மருந்தின் பிடி இன்னும் விடாத நேரம். நோன்பு காலத்தில் சஹருக்காக அதற்கும் முந்தி எழ வேண்டும். படுக்கை ஓரத்தில் சிறிது நேரம் இருந்துவிட்டு எழுவது, வுழூச் செய்யும் இடத்தில் விளக்கும் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடியும் வைப்பது, கடந்த வருடம் விழுந்தீர்களா என்று கிளினிக்கில் கேட்பது, இவ்வளவையும் செய்ய யாருடைய அனுமதியும் வேண்டாம். விழுந்த பிறகு நடப்பதையும் கவனிக்க வேண்டும். பலர் முறிவு நெரிவு வைத்தியரிடம் போய்ப் பத்துக் கட்டிக்கொள்கிறார்கள். மணிக்கட்டு முறிவுக்கு அது போதும் என்று நினைக்கலாம். ஆனால் நாற்பத்தைந்து வயதில், நின்ற நிலையில் விழுந்து மணிக்கட்டு முறிந்தால், அது அடுத்து வரக்கூடிய இடுப்பு முறிவின் முன்னறிவிப்பு. இடுப்பெலும்பு முறிந்த முதியவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஒரு வருடம் தாண்டுவதில்லை.

இனி மிகக் கனமான ஆட்சேபத்துக்கு வருகிறேன். இதையெல்லாம் சபையில் பேசினால் மக்கள் மருந்தை நிறுத்திவிட மாட்டார்களா? ஏற்கெனவே இங்கிலீஷ் மருந்து சூடு, உடம்பை உருக்கும் என்று சொல்லும் உறவினர்கள் ஒவ்வொரு வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இன்னொரு காரணத்தைக் கொடுக்கலாமா? இந்தப் பயத்தை நான் மதிக்கிறேன். அதனால்தான் எண்ணிக்கையோடு பேச வேண்டும். மருந்தைத் தொடர்ந்தவர்களையும் நிறுத்தியவர்களையும் ஒப்பிட்ட 65 பரிசோதனைகளைத் தொகுத்து 2012இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஒரு வருடத்துக்குள் நோய் திரும்பியோர் தொடர்ந்தவர்களில் நூற்றுக்கு 27, நிறுத்தியவர்களில் நூற்றுக்கு 64. பின்லாந்தில் 66,881 நோயாளிகளைப் பதினொரு வருடம் பின்தொடர்ந்து 2009இல் வெளியான ஆய்வில், நீண்டகாலம் மருந்து எடுத்தவர்கள் எடுக்காதவர்களைவிடக் குறைவாகவே இறந்தார்கள். எலும்பைக் காக்க மருந்தை நிறுத்துபவர் எலும்பையும் காக்கமாட்டார். நோய் திரும்பிய கொந்தளிப்பில் மதிலால் குதித்து எலும்பை முறித்துக்கொள்பவர்களும் உண்டு. ஆகவே, தாய்மார்களே, மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், அரைவாசியாக்காதீர்கள், ஊசித் திகதியைத் தவறவிடாதீர்கள். ஆனால் மறைத்து வைப்பதால் நம்பிக்கை வளர்வதில்லை. மாதவிடாய் நின்றதற்குக் காரணம் மருந்து என்று அந்தப் பெண் ஒருநாள் வேறு யாரிடமிருந்தோ அறிந்துகொள்வாள். அன்று அவள் நிறுத்தப்போவது ஒரு மாத்திரையை மட்டுமாக இருக்காது, கிளினிக்குக்கு வருவதையே நிறுத்திவிடுவாள். முன்கூட்டியே சொல்லி, உனக்கு இப்படி வந்தால் என்னிடம் சொல், மாற்று வழி இருக்கிறது என்ற வைத்தியரை அவள் விட்டுப்போகமாட்டாள்.

மாற்று வழி உண்மையிலேயே இருக்கிறது. மருந்தின் அளவைத் தேவைக்கு ஏற்பக் குறைக்கலாம், புரோலாக்டினை ஏற்றாத மருந்துக்கு மெதுவாக மாற்றலாம். இப்போதைய மருந்தில் மட்டுமே நன்றாக இருப்பவருக்கு அரிபிபிரசோலைச் சிறிய அளவில் சேர்க்கலாம். ஹலோபெரிடோல் எடுத்தவர்களோடு இதைச் சேர்த்துப் பார்த்த கொரிய ஆய்வொன்றில், எட்டு வாரத்துக்குள் பெரும்பாலோரின் புரோலாக்டின் இயல்புக்குத் திரும்பியது. மாதவிடாய் திரும்பினால் கர்ப்பம் தரிக்கும் வாய்ப்பும் திரும்பும் என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும். எலும்பு ஏற்கெனவே முறிந்தவருக்கு அலென்ட்ரோனேட் போன்ற மருந்து உண்டு. வாரத்துக்கு ஒன்று, வெறும் வயிற்றில் ஒரு கோப்பைத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணிநேரம் எதுவும் உண்ணாமலும் படுக்காமலும் இருக்க வேண்டும். நோன்பு காலத்தில் சஹர் உணவுக்கு அரை மணிநேரம் முந்தி எழுந்தால் அதையும் தவறாமல் எடுக்கலாம். பிள்ளைபெறும் வயதுள்ள பெண்ணுக்கு மட்டும் யோசித்துத்தான் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, ஆண் வைத்தியரிடம் மாதவிடாயைப் பற்றி நம் பெண்கள் எப்படிப் பேசுவார்கள் என்ற கேள்வி. பேசத் தயங்குவார்கள்தான், கணவனோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பேசவே மாட்டார்கள். ஆனால் இதைப் பேசுவதற்கென்றே ஒருவர் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார். மிட்வைப் என்று நாம் கூப்பிடும் குடும்ப நல உத்தியோகத்தர், வளவுக்குள் வந்து அடுப்படியில் இருந்து கதைக்கக்கூடியவர். முப்பத்தைந்து வயதுப் பெண்களை அழைக்கும் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் நாட்டில் நடந்துவருகிறது. இன்னொரு காரணத்துக்காகவும் இவர்கள் இதற்குள் வந்தாக வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடப்படும் குடும்பத் திட்டமிடல் ஊசியும் மாதவிடாயை நிறுத்தும், எலும்பு அடர்த்தியையும் குறைக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2004இல் இதைப் பற்றி அந்த ஊசியின் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட கடும் எச்சரிக்கை போடச் சொன்னது. மனநலக் கிளினிக்கில் ஓர் ஊசியும், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக் கிளினிக்கில் இன்னோர் ஊசியும் வாங்கும் ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். இரண்டும் அவளுக்குத் தேவையானவையாகவே இருக்கலாம். ஆனால் ஒரு கிளினிக்கின் அட்டையை மற்றக் கிளினிக் பார்ப்பதில்லை, மாதவிடாய் நின்றதற்கு ஒவ்வோர் இடமும் மற்ற ஊசியைக் காரணமாக எண்ணி விட்டுவிடவும் கூடும். கல்முனை பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனையின் கீழேயே இந்த இரண்டு சேவைகளும் நடக்கின்றன. மனநலக் கிளினிக்கிலிருந்து மிட்வைப்புக்கு ஒரு சிறு கடிதம் போகட்டும்: இவர் எடுக்கும் மருந்தின் பெயர், தொடங்கிய வருடம், கடைசியாக மாதவிடாய் வந்தது எப்போது என்று கேட்டு எழுதவும், குடும்பத் திட்டமிடலுக்கு வேறு முறை பொருந்துமா என்று பார்க்கவும். பதிலைக் கிளினிக் கொப்பியின் முதல் பக்கத்தில், மருந்துப் பட்டியலுக்குப் பக்கத்திலேயே ஒட்ட வேண்டும்.